பயிற்சியாளர் சொன்னால் கேட்கிற நாய், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை: என்ன செய்யலாம்?

மருதாணி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டு நாய்க்கு எட்டு மாதம் நிறைந்துவிட்டது. கலப்பினப் பெண் நாய். நல்ல சுறுசுறுப்பு, மனிதர்களிடம் அச்சமில்லை, கடிக்கும் குணமும் இல்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து ஒரு தொழில்முறைப் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பயிற்சி அளிக்கிறார். அவர் கையில் கயிறு இருக்கும்போது நாய் அவருடைய காலை ஒட்டியே நடக்கிறது. உட்காரச் சொன்னால் உட்காருகிறது. தோட்டத்தின் மறுகோடியிலிருந்து அழைத்தாலும் ஓடி வருகிறது. அவர் விடைபெற்றுச் சென்ற பிறகு அதே கயிற்றை நானோ என் கணவரோ பிடித்தால், வாசலைத் தாண்டும் முன்பே இழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆறாம் மாதம் வரை எங்கள் அழைப்புக்கு உடனே திரும்பிய நாய், இப்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மண்ணை முகர்வதைத் தொடர்கிறது.

இதைப் பற்றி வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்கிறார் என் கணவர். சில வாரங்கள் தங்க வைத்துப் பழக்கித் தரும் பயிற்சி நிலையத்தில் விட்டுவிடலாம் என்கிறார் என் மாமியார். நாயின் வயதுதான் காரணமாக இருக்குமோ என்பது என் எண்ணம். பயிற்சியாளர் நாயிடம் அன்பாக நடந்துகொள்கிறார், நேரம் தவறுவதில்லை. அவரை நான் குறை சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் நாய் எங்களோடுதான் வாழப்போகிறது என்பதால், அது எங்கள் சொல்லைக் கேட்பதற்கு அவரோடு சேர்ந்து எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.

கருங்கல்

உங்கள் பயிற்சியாளர் தின்பண்டம் கொடுத்துப் பழக்குகிறவர் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் காரணம் அங்கேயே இருக்கிறது. தின்பண்டத்துக்காகக் கேட்கிற நாய், அது கையில் இல்லாதபோது கேட்காது. நாய் ஓநாயின் வழி வந்த விலங்கு. கூட்டத்தில் தலைவன் யார் என்பது அதற்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பயிற்சியாளரின் உடல்மொழியில் அந்த உறுதி இருக்கிறது, உங்களிடம் இல்லை. கட்டளையை ஒரே ஒருமுறை சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் கயிற்றைச் சட்டென்று இழுத்துத் திருத்துங்கள். பல ஆண்டுகளாக நாய்கள் வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்டிப்பு கொடுமை ஆகாது.

தடம்

நான் இத்தொழிலில் இருப்பவன். கேட்டவருடைய கேள்வி கூர்மையானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வயது. உங்கள் ஊகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2020இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் சோதித்தார்கள். ஏற்கெனவே நன்கு தெரிந்த ‘உட்கார்’ என்ற கட்டளையை வளர்ப்பவர் சொன்னபோது, எட்டு மாத நாய்கள் கேட்காமல் இருப்பது கூடுதலாக இருந்தது. அறிமுகமில்லாத ஒருவர் அதே கட்டளையைச் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. நீங்கள் விவரித்ததும் ஏறக்குறைய இதுவேதான். வளரிளம் பருவத்தில் நாய் சோதித்துப் பார்ப்பது தன்னை வளர்ப்பவரைத்தான். அதே ஆய்வில், பன்னிரண்டாம் மாதத்துக்குள் வளர்ப்பவர்கள் தந்த மதிப்பீடு மீண்டும் உயர்ந்திருந்தது. ஆகவே இது கடந்துபோகும் பருவம். ஆனால் இந்தக் காலத்தில் நாய் எதைப் பழகிக்கொள்கிறதோ அது நிலைத்துவிடக்கூடும் என்பதால், பொறுத்திருந்தால் போதும் என்று பயிற்சியை நிறுத்திவைப்பதும் சரியல்ல.

இரண்டாவது காரணம் வயதைவிட முக்கியமானது. நாய் ஒரு சொல்லை மட்டும் தனியே கற்றுக்கொள்வதில்லை. சொல்பவர், சொல்லும் இடம், அவர் நிற்கும் கோணம், அவருடைய இடுப்புப் பை, கையசைவு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. சமையலறையில் உட்காரத் தெரிந்த நாய்க்குத் தெருமுனையிலும் உட்காரத் தெரியும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நாய்க்கு அவை வெவ்வேறு பாடங்கள். பயிற்சியாளரிடம் கற்றதும் உங்களிடம் கற்க வேண்டியதும் அவ்வாறே வேறு வேறுதான். இது நாயின் பிடிவாதமல்ல, விலங்குகள் கற்கும் விதமே இதுதான்.

எனவே உங்களிடம் ஒரு கேள்வி: வாராந்திர வகுப்பில் கயிறு யார் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? என் வகுப்புகளில் ஒரு புதிய செயலை நாய்க்குப் புரியவைக்கும் சில நிமிடங்கள் மட்டும் கயிறு என்னிடம் இருக்கும். மீதி நேரம் முழுவதும் வீட்டாரிடம்தான். நான் ஓரமாக நின்று அவர்களுடைய கையையும் காலையும் குரலையும் பார்ப்பேன். பயிற்சியாளர் நாயை அழகாக நடத்திக் காட்டும் வகுப்பு, பார்ப்பதற்கு நிறைவாக இருந்தாலும், வீட்டாருக்குப் பெரிதாக எதையும் விட்டுச்செல்வதில்லை.

மூன்றாவது, நேரத் துல்லியம். நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ‘ஆமாம்’ போன்ற ஒரு குறுஞ்சொல்லையோ, அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியின் ஒலியையோ அது கேட்க வேண்டும். வெகுமதி அதன்பின் வரலாம். கற்றலை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களாக இருந்த கெல்லர், மரியன் பிரெலேண்ட் தம்பதியர் 1940களில் விலங்குப் பயிற்சிக்குள் கொண்டுவந்த வழக்கம் இது. உட்கார்ந்த நாயை அது எழுந்த பிறகு பாராட்டினால், எழுந்ததைத்தான் பாராட்டியிருக்கிறீர்கள். பயிற்சியாளருக்குக் கைவந்திருக்கும் துல்லியம், வீட்டாருக்குச் சில வாரப் பழக்கத்தில்தான் வரும். அதை நாய் இல்லாமலேயே பழகலாம்: ஒருவர் பந்தைக் கீழே போட, அது தரையைத் தொடும் கணத்தில் மற்றவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். எளிதாகத் தோன்றும், செய்து பாருங்கள்.

வெண்மேகம்

கால்நடை மருத்துவராக ஒரு சிறு குறிப்பு. எட்டு மாதப் பெண் நாய் என்றால் முதல் பருவச் சுழற்சி நெருங்கியிருக்கலாம்; அந்த வாரங்களில் கவனம் சிதறுவதும், மண்ணை அதிகம் முகர்வதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இயல்பு. அதைக் கீழ்ப்படியாமை என்று கருதித் திருத்த முயல வேண்டாம். அப்போது வெளியே கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம்.

இன்னொன்று, வலி. நடத்தைச் சிக்கல் என்று நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய்களில், குறைத்து மதிப்பிட்டாலும் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலிதரும் உபாதை இருக்கிறது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கணித்தது. உட்காரத் தயங்கும் இளம் நாய்க்கு இடுப்பிலோ முழங்காலிலோ கோளாறு இருக்கலாம். அழைத்தால் திரும்பாத நாய்க்குக் காதில் அழற்சி இருக்கலாம். உங்கள் நாய் பயிற்சியாளரிடம் தயக்கமின்றிச் செய்வதால் இந்த வாய்ப்பு குறைவு. எனினும் எந்த நாயானாலும் பயிற்சி முறையை மாற்றும் முன் ஒருமுறை உடலைச் சோதித்துவிடுவது நல்லது.

கருங்கல்

தடம் அவர்களுக்கு: ஆய்வுகள் இருக்கட்டும். தலைமை என்ற கருத்தை நீங்கள் தொடவே இல்லையே? எங்கள் தலைமுறையில் எல்லாப் பயிற்சியாளர்களும் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பழக்கிய நாய்கள் நன்றாகவே நடந்துகொண்டன.

ஏட்டுச்சுவடி

இதற்கு நான் பதில் சொல்லலாமா? இந்தக் கருத்தின் வரலாற்றை ஓரளவு படித்திருக்கிறேன்.

கூட்டத் தலைவன் என்ற எண்ணம் பெரும்பாலும் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்ததிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் ருடால்ஃப் ஷெங்கெல் செய்த ஆய்வு 1947இல் வெளியாயிற்று. குறுகிய இடத்தில் சேர்த்து வைக்கப்பட்ட ஓநாய்கள் முதலிடத்துக்காக மோதிக்கொண்டதை அவர் பதிவு செய்தார். பின்னர் காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் குட்டிகளும் கொண்ட ஒரு குடும்பமே என்று 1999இல் எழுதினார். தலைவன் என்ற சொல்லைத் தம் முந்தைய எழுத்துகளில் பயன்படுத்தியவரே அவர்தான் என்பதால், அவருடைய இந்தத் திருத்தத்துக்குத் தனி மதிப்பு உண்டு. காட்டில் பெற்றோர் வழிநடத்துகின்றன, குட்டிகள் பின்செல்கின்றன. அங்கே அன்றாடம் நடக்கும் அதிகாரப் போட்டி என்று எதுவும் இல்லை. நாயும் மனிதனும் சேர்ந்து வாழும் வீட்டுக்கு அதைப் பொருத்துவது இன்னும் தொலைவான ஊகம்.

கண்டிப்பு பற்றியும் சில தரவுகள் உள்ளன. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. கயிற்றைச் சுண்டுதல், அதட்டுதல் போன்றவற்றைப் பயன்படுத்திய பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது மன அழுத்த அறிகுறிகளை அதிகம் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவும் கூடியிருந்தது. அதே ஆண்டில் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு 63 நாய்களை எடுத்துக்கொண்டது. அழைத்தால் வராததே அவற்றில் பெரும்பாலானவற்றின் குறை. மின்னதிர்ச்சிப் பட்டையால் பழக்கியவற்றைவிட வெகுமதியால் பழக்கியவை சோதித்த அளவுகளில் ஒன்றில்கூடப் பின்தங்கவில்லை, சிலவற்றில் முந்தியும் இருந்தன. அந்தப் பட்டையை வேல்ஸ் 2010இலேயே தடை செய்துவிட்டது.

கருங்கல் அவர்கள் வளர்த்த நாய்கள் நன்றாக நடந்துகொண்டன என்பதை நான் மறுக்கவில்லை. சொன்னதையே சொல்லி, தினமும் நேரம் ஒதுக்கி, ஒழுங்கோடு பழக்கியவர் அவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. நாய்களைத் திருத்தியது அந்த ஒழுங்காக இருக்கலாம். கயிற்றைச் சுண்டியது அதனுடன் கூடவே நடந்த ஒன்றாக மட்டும் இருந்திருக்கலாம்.

நதிக்கரை

தங்க வைத்துப் பழக்கும் நிலையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆண் நாயை அப்படியொரு இடத்தில் விட்டோம். நாய் நன்றாகப் பழகித் திரும்பியது, எங்களைக் கண்டதும் மகிழ்ந்தது, சொன்னதைச் செய்தது. ஆனால் ஒப்படைக்கும் அன்று எங்களுக்குச் சுருக்கமாக ஒருமுறை காட்டியதோடு சரி. நாய் கற்ற சொற்கள் வேறு, நாங்கள் வீட்டில் புழங்கிய சொற்கள் வேறு. அவர்கள் நடந்த வேகமும் எங்கள் நடையும் ஒன்றல்ல. சில வாரங்களில் பழைய இழுப்பு திரும்பிவிட்டது. பணத்தைவிட எனக்கு வருத்தமாக இருந்தது வேறொன்று: நாய் கற்றுக்கொண்டிருந்த காலம் முழுவதும் நாங்கள் கூட இல்லை.

அப்படி ஓரிடத்தில் விடத்தான் வேண்டும் என்றால், சேர்ப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. நாய் தவறு செய்தால் என்ன செய்வார்கள் என்பதை நேரடியாகக் கேளுங்கள். ‘திருத்துவோம்’ என்று பொதுவாகச் சொன்னால், கையில் எதை வைத்துக்கொண்டு எப்படி என்று மேலும் கேளுங்கள். முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க அனுமதி உண்டா, தினசரிக் காணொளி அனுப்புவார்களா, நாய் திரும்பிய பிறகு உங்களோடு சேர்ந்து எத்தனை வகுப்புகள் நடத்துவார்கள் என்பவற்றுக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் விட வேண்டாம். எட்டு மாத நாய் என்பதால் இன்னும் கூடுதலாகவே யோசிப்பேன். இந்த வயதில் ஏற்படும் அச்சம் எளிதில் தங்கிவிடுகிறது.

மருதாணி

அனைவருக்கும் நன்றி. தடம் அவர்களின் கேள்வியைப் பயிற்சியாளரிடமே முன்வைத்தேன். அவர் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த வகுப்பிலேயே கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவர் கவனித்துச் சொன்னவை எங்களுக்குப் புதியவை. அழைக்கும்போது என் கணவர் நாயை நோக்கி ஓர் அடி முன்னே வைக்கிறாராம். நாய் அதனால் நின்றுவிடுகிறது, பயிற்சியாளரோ அழைத்ததும் பின்னே நகர்கிறார். ஒரே செயலுக்கு நான் ‘வா’ என்கிறேன், கணவர் ‘கம்’ என்கிறார், மாமியார் நாயின் பெயரை மட்டும் பலமுறை சொல்கிறார். கயிறு இறுகிய நிலையிலும் நான் நடந்துகொண்டே இருப்பதால், இழுத்தால் முன்னேறலாம் என்று நாய் புரிந்துகொள்கிறது என்றார். இறுகினால் நின்றுவிட வேண்டும். நாய் தானாகத் திரும்பிக் கயிறு தொய்ந்ததும், அந்த நொடியில் பாராட்டி மறுபடி நடக்க வேண்டும். முதல் நாள் வாசலைக் கடக்கவே நெடுநேரம் ஆயிற்று. ஆனாலும் ஒரு மாற்றம் தெரிகிறது.

எல்லோரும் பயன்படுத்த வேண்டிய சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். மாமியாரும் ஏற்றுக்கொண்டார், அதுவே பெரிய முன்னேற்றம்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. தினமும் எவ்வளவு நேரம் பழக்க வேண்டும்? கருங்கல் அவர்கள் சொன்ன அச்சம் என் கணவருக்கும் இருக்கிறது: தின்பண்டத்தை எப்போது, எப்படி நிறுத்துவது?

தடம்

உங்கள் பயிற்சியாளரை மாற்ற வேண்டாம். வாடிக்கையாளர் இப்படியொரு கேள்வி கேட்டபோது தற்காப்பில் இறங்காமல் கயிற்றைக் கொடுத்துவிட்டு நின்றவர், கற்பிக்கத் தெரிந்தவர். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை; நாயைக் கையாளும் திறனும் மனிதருக்குக் கற்பிக்கும் திறனும் வேறு வேறு.

நேரத்தைப் பற்றி: குறைவாகச் செய்யுங்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பீகிள் நாய்களுக்குப் புதிய செயலொன்றைக் கற்பித்தார்கள். வாரத்துக்கு ஓரிரு முறை பழக்கப்பட்டவை, தினமும் பழக்கப்பட்டவற்றைவிட ஒவ்வொரு வகுப்பிலும் அதிகம் கற்றன. பழக்கும் நாளில் ஒரே அமர்வு பெற்றவை, அடுத்தடுத்து மூன்று அமர்வுகள் பெற்றவற்றைவிட நன்றாகக் கற்றன. இதைப் படித்துவிட்டு மற்ற நாள்களில் எதுவும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் உங்கள் வேலை புதிய செயலைக் கற்பிப்பதைவிடத் தெரிந்ததைப் பல இடங்களுக்கு விரிப்பதுதான். இரண்டு மூன்று நிமிடம் போதும்: உணவுக் கிண்ணத்தை வைக்கும் முன், கதவைத் திறக்கும் முன், கயிற்றை மாட்டும் முன். நாய் இன்னும் விரும்பும்போதே நிறுத்திவிடுங்கள்.

தின்பண்டத்தைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. கையில் தின்பண்டத்தைக் காட்டி நாயை உட்கார வைப்பது ஒன்று. உட்கார்ந்த பிறகு எங்கிருந்தோ எடுத்துக் கொடுப்பது மற்றொன்று. முதலாவது இலஞ்சம் போல ஆகிவிடும் என்பதால், நாய்க்கு அசைவு புரிந்தவுடனேயே, அதாவது சில முறைகளுக்குள்ளேயே, வெறுங்கையால் அதே அசைவைச் செய்யத் தொடங்க வேண்டும். கருங்கல் அவர்கள் பார்த்த ‘கையில் இல்லாவிட்டால் கேட்காத’ நாய்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் விடப்பட்டவையே. இரண்டாவதை நிறுத்தவே வேண்டியதில்லை, அரிதாக்கினால் போதும். நாய் வீட்டுக்குள் ஒரு செயலைத் தவறாமல் செய்யும் நிலைக்கு வந்ததும், சிலமுறை தின்பண்டம், சிலமுறை வெறும் பாராட்டு, சிலமுறை பந்து என மாற்றிக் கொடுங்கள். எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாத வெகுமதி பழக்கத்தை நீண்ட நாள் தாங்கிப் பிடிக்கிறது என்பது ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்திலேயே தெளிவான விஷயம். முகர்வதையே விரும்பும் நாய்க்கு, ஓடி வந்தவுடன் ‘போ’ என்று சொல்லி மறுபடி முகர விடுவதைவிடப் பெரிய வெகுமதி இல்லை.

சூழலைக் கடினமாக்கும்போது மூன்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். தொலைவு, நேரம், கவனச்சிதறல் ஆகியவற்றில் ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் குறைத்துவிடுங்கள். வேறொரு நாய் தென்படும் தெருவில், வீட்டுக்குள் செய்வதில் பாதியைக் கேட்டாலே போதும். அங்கே நல்ல தின்பண்டத்தைத் தாராளமாகவே கொடுங்கள்.

கருங்கல்

ஏட்டுச்சுவடி அவர்களின் விளக்கத்தை மறுப்பதற்கு என்னிடம் தரவு இல்லை. ஓநாய் பற்றிய கூற்றைத் திரும்பப் பெறுகிறேன். தின்பண்டத்தைப் பற்றித் தடம் பிரித்துக் காட்டியதும் நான் பார்த்தவற்றோடு பொருந்துகிறது. ஆனால் ஒரு கேள்வியை விடமாட்டேன். நாய் சாலையை நோக்கி ஓடுகிறது, வண்டி வருகிறது. அந்த நொடியில் நாய்க்கு விருப்பமிருந்தால் வரட்டும் என்று விட்டுவிட முடியாது. வெகுமதியால் மட்டும் பழக்கப்பட்ட நாய் அங்கே நிற்கும் என்று உறுதி தர முடியுமா?

தடம்

எந்த முறையாலும் அந்த உறுதியைத் தர முடியாது. தருகிறேன் என்று சொல்லும் பயிற்சியாளரை நம்ப வேண்டாம். நாய் உயிருள்ள விலங்கு. சாலை ஓரத்தில் பாதுகாப்பு என்பது கயிறுதான், பயிற்சி அல்ல. திறந்த வெளியில் பழக்கும்போது ஐந்து முதல் பத்து மீட்டர் நீளக் கயிறு பயன்படுத்துங்கள். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்பைச் சுற்றிய ஹார்னஸில் மாட்டுங்கள், வேகமாக ஓடிக் கயிற்றின் முனையில் திடீரென்று நிற்கும்போது கழுத்தில் அடிபடக்கூடாது. அந்தக் கயிற்றால் நாயை இழுத்துவராதீர்கள். அது தப்பிப்போகாமல் காக்க மட்டுமே.

அவசரத்துக்கென்று தனியாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம். அன்றாட ‘வா’ அல்லாத, வீட்டில் வேறெதற்கும் பயன்படாத சொல். அதைச் சொல்லும்போதெல்லாம், விதிவிலக்கின்றி, நாய்க்கு மிகவும் பிடித்த உணவு கைநிறையக் கிடைக்க வேண்டும். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ விளையாட்டை முடிக்கவோ அந்தச் சொல்லை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த நாயை அதட்டாதீர்கள். அதன் கணக்கில், அதட்டு வாங்கியது ஓடியதற்காக அல்ல, வந்ததற்காக.

செம்மண்

இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் குட்டிக்கு நான்கு மாதம், இனிமேல்தான் பயிற்சியாளரைத் தேட வேண்டும். சான்றிதழ் கேட்பதில் பொருள் உண்டா?

ஏட்டுச்சுவடி

ஓரளவுக்கு உண்டு. பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் தன்னை நாய்ப் பயிற்சியாளர் என்று அழைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2014 முதல் தொழில்முறையில் பழக்குபவர் அரசு அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது இன்னும் விதிவிலக்கான நிலைமையே. 2001இல் தொடங்கப்பட்ட தொழில்முறை நாய்ப் பயிற்சியாளர் சான்றளிப்புக் குழு, எழுத்துத் தேர்வுக்கு முன் 300 மணி நேரப் பயிற்சி அனுபவத்தைக் கேட்கிறது. இத்தகைய சான்று ஓர் அடிப்படை அறிவைக் காட்டும். ஆனால் கையில் எதைப் பிடித்திருக்கிறார், நாயின் வால் எப்படி இருக்கிறது, வீட்டார் கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்கிறார் என்பதை ஒரு வகுப்பை நேரில் பார்த்துத்தான் அறிய முடியும். குட்டியைக் கூட்டிச்செல்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அடுத்தவரைத் தேடலாம்.

வெண்மேகம்

செம்மண் அவர்களுக்கு: நான்கு மாதம் என்றால் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் காலம் தொடங்குகிறது. கையைக் கடிப்பதைக் கண்டு பயந்து கடுமையான பயிற்சியாளரைத் தேடிவிட வேண்டாம். கடிப்பதற்கு வேறு பொருள்களைக் கொடுங்கள், பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் பற்கள் மாறி முடிந்துவிடும். குழு வகுப்பில் சேர்ப்பதானால், அங்கு வரும் எல்லாக் குட்டிகளுக்கும் தடுப்பூசிப் பதிவைக் கேட்கிறார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.